கண்ணாடிக்குள்ள இருந்தவ

போட்டோ எடுக்குறியா தாயி? எடு, எடு. இந்த லாட்ஜுக்கு வர்ற ஆளுக பெட்டியக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி இந்தப் படத்தத்தான் போட்டோ எடுக்குறாக. ஆனா நீ தள்ளி நின்னு எடுக்குற, கண்ணாடி சரியா விழாது. கிட்டக்கப் போ. படத்துல நடுவுல இருக்கவுக கையில வச்சிருக்காக பாரு, வட்டக் கண்ணாடி, அதுக்குள்ள அழுக்கு மாதிரி ஒண்ணு தெரியுதா? அது அழுக்கு இல்ல. என் கட்டைவிரலு.

ஆமா, இந்த விரல்தான். சிரிக்காத. உக்காரு, சொல்றேன். உன் ரூமைக் கூட்டி முடிக்க இன்னும் நேரமாகும், அந்த மேனேஜர் தம்பி அஞ்சு நிமிசம்னு சொன்னா அரை மணி நேரம்னு அர்த்தம். நானும் இங்க ஒரு ஆளுக்காகத்தான் காத்துக் கெடக்குறேன். இந்தப் படத்த வரைஞ்சவன் லூர்துன்னு ஒரு டிராயிங் மாஸ்டர். இன்னைக்குச் சாயங்காலம் பெயிண்டு டப்பாவோட வாரானாம், நான் அழிச்ச மூஞ்சிய மறுபடி வரைஞ்சு வைக்க. வரட்டும். இந்த நாற்காலிய விட்டு நான் எந்திரிக்கிறதா இல்ல. பிரஷ்ஷை மட்டும் எடுக்கட்டும், போன தடவை விரலால அழிச்சேன், இந்தத் தடவை உள்ளங்கையாலயே இழுத்து விட்டுருவேன்.

அட, உனக்கு இடது கன்னத்துல மச்சமா? இப்பத்தான் பாக்குறேன். அழகாத்தான் இருக்கு. கல்யாணம் ஆயிருச்சா? இன்னும் இல்லையா? அப்ப நல்லாக் கேட்டுக்க. பாங்க் உத்தியோகம் பாக்குறவனக் கட்டு, பஸ் ஓட்டுறவனக் கட்டு. நாடகக்காரன மட்டும் கட்டாத.

படத்துல நடுவுல உக்காந்து மூஞ்சிக்கு அரிதாரம் பூசிக்கிட்டிருக்காகளே, அவுகதான் எங்க வீட்டு ஆளு. ராஜபார்ட் அடைக்கலம். ராஜபார்ட்டுன்னா கதாநாயகன் வேசம். இந்தப் புதுக்கோட்டை ஜில்லாவுல அவுக பேரு தெரியாத திருவிழாக் கமிட்டி கெடையாது. முருகனா வந்து நின்னாக்க கெழவிக எந்திரிச்சு கும்பிடும். அந்தப் பக்கம் பீடி குடிக்கிறது பபூன் சேவுகன், அது ஒரு பாவம். ஆர்மோனியத்துக்குப் பின்னாடி தூங்கி வழியிறது எங்க பெரியப்பா மகன்தான். இந்தா, முன்னாடி, டிரங்குப் பெட்டி மேல கால் மேல கால் போட்டு, தலைமயிர முன்னால விட்டு சீவிக்கிட்டிருக்காளே ஒரு மகராசி, அவதான் ஸ்திரீபார்ட்டு. ஒட்டன்சத்திரம் இந்திராணி. இவுக முருகன்னா அவ வள்ளி.

குரல் நல்லாத்தான் இருக்கும். அதைச் சொல்லாம விட்டா என் நாக்கு அழுகிப் போகும். ஆனா குரல் நல்லாருந்தா போதுமா?

எங்க நாடகத்துக்கு ஒத்திகைன்னு ஒண்ணு கெடையாது, தெரியுமா? இவுக ஒரு ஊருலேருந்து போவாக, அவ ஒரு ஊருலேருந்து வருவா. வேசம் போடுற எடத்துலதான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாக. மேடையேறி, "யாரம்மா நீ, எந்த ஊரு"ன்னு இவுக கேப்பாக. "நான் யாரா இருந்தா உமக்கென்ன"ன்னு அவ கேப்பா. அப்படியே பேச்சுக்குப் பேச்சு, பாட்டுக்குப் பாட்டு சண்டை போட்டு, விடியுறப்ப கல்யாணத்துல முடியும். தை பொறந்தா ஆடி வரைக்கும் இதே பொழப்பு. ஊரு ஊரா ஒருத்தியவே கட்டிக்கிட்டிருந்தா வீட்டுல இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்? நீயே சொல்லு. என்னைய ஒரு தடவைதான் கட்டுனாக. அதுவும் அன்னைக்கு மழை.

எனக்கு வயிறு எரியும் தாயி. மறைக்க என்ன இருக்கு? எரியும். "நீ யாரா இருந்தா என்ன, என் நெஞ்சுக்குள்ள வந்துட்டே"ன்னு அவகிட்ட மேடையில பேசுவாக பாரு, மைக்கு செட்டு வச்சு ஊருக்கே கேக்கும். வீட்டுக்கு வந்தா, "பஞ்சு, வெந்நி வச்சியா"ம்பாக. பஞ்சவர்ணம்னு முழுப்பேரு சொல்லக் கூடத் தெம்பிருக்காது.

சரி, படத்துக்கு வாறேன். அவுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவுக நாடக வாத்தியாரு வச்ச கட்டுப்பாடு அது. அரிதாரம் தொட்டுட்டா பொண்டாட்டி மூஞ்சிய நேருக்கு நேர் பாக்கக் கூடாது. வேசம் கட்டியாச்சுன்னா அது சாமி, சாமிக்கு வெந்நி வைக்கிறவ ஏது? அதனால வீட்டுப் பொம்பளைக அந்தப் பக்கமே போறதில்ல. நானும் போனதில்ல.

ஒரே ஒரு நாளு போனேன். போன மாசி மாசம் மச்சுவாடித் திருவிழா. நம்ம ஊருலயே நாடகம். அவுகளுக்குத் தொண்டை கட்டி, காத்துதான் வருது. மனசு கேக்கல எனக்கு. பால்ல பனங்கற்கண்டும் மிளகும் தட்டிப் போட்டு, பித்தளை டம்ளர்ல ஊத்திக்கிட்டு நடந்தே போனேன். பள்ளிக்கூடத்து வகுப்புலதான் வேசம் போட்டுக்கிட்டிருந்தாக. மூலையில இந்த லூர்து, ஒரு பலகைய மடியில வச்சுக்கிட்டு பென்சிலால கிறுக்கிக்கிட்டிருந்தான். நான் வாசப்படியில, அவுக முதுகுக்குப் பின்னால நின்னேன். "ஏங்க, பாலு"ன்னேன்.

திரும்பல தாயி. திரும்பவே இல்ல. பூசுன கை அப்படியே நின்னுச்சு. கையில இருந்த கண்ணாடிய லேசாத் தூக்கிப் பிடிச்சாக, அவ்வளவுதான். அதையே பாத்துக்கிட்டு, "இவ்வளவு தூரம் நடந்தா வந்த? வச்சிட்டுப் போ பஞ்சு"ன்னாக. அந்தப் பய லூர்து நிமிந்து பாத்துட்டு, சடசடன்னு கிறுக்குறான். நான் டம்ளர வச்சேன். ஆனா என் கண்ணு எங்க அவுக மேல இருந்துச்சு? பூராம் அவ மேலதான். கால் மேல கால் போட்டு உக்காந்து, என்னைய ஏற எறங்கப் பாத்து, "வாங்கக்கா"ன்னா. அக்காவாம்! எனக்கும் அவளுக்கும் ஒரு வயசு வித்தியாசம் இருந்தா அதிகம்.

இந்த லாட்ஜு முதலாளி ஒரு நாடகப் பைத்தியம். அந்த மனுசன் காசு குடுத்து, அன்னைக்குக் கிறுக்குனதப் பெருசா வரையச் சொல்லி, பங்குனியில இங்க மாட்டுனாரு. மால, சுண்டல், காப்பி, எல்லாம் அமர்க்களம். நானும் அரக்குப் பட்டு கட்டிக்கிட்டு வந்தேன். வந்தவுகல்லாம் படத்துக்கு முன்னாடி நின்னு உச்சுக் கொட்டுறாக. "ஆகா, அந்தக் கண்ணப் பாருங்க, என்ன ஒரு ஆசை அந்தக் கண்ணுல!" பாரு நீயும். பாத்தியா? பாதி மூஞ்சிதான் பூசியிருக்கு, மீதிப் பாதி மனுசனாவே இருக்கு, அந்தப் பக்கத்துக் கண்ணு எப்படிக் கனிஞ்சு போயி நிக்குது பாரு. ஒரு காலேஜு வாத்தியாரு சொன்னாரு, "இது சாமியோட பார்வை இல்ல, அந்தப் பக்கம் இன்னும் சாமியாகல, அது புருசனோட பார்வை"ன்னு. எனக்குக் கொதிச்சுருச்சு. புருசன் பார்வை எப்படி இருக்கும்னு எனக்கா தெரியாது? கல்யாணமான நாளா என்னைய அப்படி ஒரு பார்வை பாத்தது கெடையாது. பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?

அப்புறம்தான் ஒவ்வொண்ணாப் பாத்தேன். பெட்டிக்கு அடியில பாரு, ரெண்டு சோடிச் செருப்பு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ஒண்ணு இவுகளோடது. இன்னொண்ணு பபூனோடதுன்னு சொன்னாக, நான் நம்பல. பபூன் காலு அவ்வளவு சின்னதா? அவுக கைப்பக்கம் பாரு, பித்தளை டம்ளர். தெரியுதா? அதுல ஆவி பறக்குறதக் கூட வரைஞ்சிருக்கான். என் டம்ளரு! வாய் ஓரத்துல நசுங்குனது கூட அப்படியே இருக்கு. என் டம்ளர் இருக்கு, என் பாலு இருக்கு, நான் எங்க? தேடித் தேடிப் பாத்தேன். படத்துல நான் எங்கயுமே இல்ல.

அப்பத்தான் கண்ணாடிய பாத்தேன். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பொம்பள மூஞ்சி. வாசப்படியில நிக்கிற மாதிரி பின்னால கொஞ்சம் வெளிச்சம். முகத்துல வேர்வை. மூக்குல எள்ளு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, கல்லு மூக்குத்தி. எந்தப் பக்கம்? இடது பக்கம். எனக்கு வலது பக்கம், இந்தா பாரு, சமைஞ்சப்ப குத்துனது. இடது பக்கம் குத்துனவ அந்த வகுப்புலயே ஒருத்திதான். அந்த இந்திராணி. பக்கத்துல உக்காந்திருக்கிறது பத்தாதுன்னு, கண்ணாடிக்குள்ளயும் போயி உக்காந்துக்கிட்டா! கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேணுமா? அந்த ஆசையெல்லாம் யாரு மேலன்னு ஊரே பாக்க எழுதி மாட்டியிருக்கு.

எண்ணெய் பெயிண்டாம், காய ரொம்ப நாளாகுமாம். அதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. எட்டுனேன். கட்டைவிரல வச்சு ஒரே அழுத்து, ஒரே இழுப்பு. மூஞ்சி போச்சு, மூக்குத்தி போச்சு.

அந்த லூர்து, "ஐயோ அம்மா, என்ன காரியம் பண்ணிட்டீங்க, அது..."ன்னு ஓடி வந்தான். "வாய மூடு, அது யாருன்னு எனக்குத் தெரியும்"னேன். மூடிட்டான். சுண்டல் தின்னுக்கிட்டிருந்தவுகல்லாம் அப்படியே நிக்கிறாக. எங்க வீட்டு ஆளு கூட்டத்த விலக்கிக்கிட்டு வந்தாக. படத்தப் பாத்தாக. என் விரலப் பாத்தாக. மெதுவாக் கேட்டாக, "யாருன்னு தெரிஞ்சுதான் அழிச்சியா பஞ்சு?"

"நல்லாத் தெரிஞ்சுதான் அழிச்சேன். அந்த மூஞ்சி இனிமே உங்க கண்ணாடியில இருக்கக் கூடாது"ன்னேன்.

"நிசமாவா?"

"நிசமாத்தான்."

சண்டை போடுவாகன்னு பாத்தேன். கையை ஓங்குனாக் கூட சரின்னு நின்னேன். மூஞ்சி மட்டும் சுண்டிப் போச்சு. என் விரல்ல இருந்த பெயிண்டத் தன் துண்டால தொடச்சு விட்டாக. தொடச்சு விட்டுட்டு, வீட்டுக்கு வந்து வேசப் பெட்டிய எடுத்துக்கிட்டு, நடிகர் சங்கத்துக் கட்டடத்துல போயி தங்கிட்டாக. அன்னைக்குப் போனவுகதான். "பஞ்சு இப்படி நெனச்சிருப்பான்னு நான் நெனைக்கல"ன்னு மட்டும் பபூன்கிட்டச் சொன்னாகளாம். எப்படி நெனச்சிருப்பேன்? கட்டுனவ வேற எப்படி நெனப்பா? குட்டு உடைஞ்சு போச்சுல்ல, அந்த ரோசம்.

தப்பு பண்ணுனவுக அவுக. அவுகதான் வரணும். வந்து, "பஞ்சவர்ணம், அவ இல்ல, நீதான்"னு ஒரு வார்த்தை சொல்லணும். மேடையில விடிய விடியப் பேசுற வாயிக்கு அது ஒரு பெரிய காரியமா? அது வர்ற வரைக்கும் நான் எறங்கிப் போறதா இல்ல. சோறு எறங்கல, அது வேற விசயம். ராத்திரில கதவுக்குத் தாப்பாளும் போடுறதில்ல, அதுவும் வேற விசயம்.

இவளே ஒரு நாளு வீட்டுக்கு வந்தா, இந்திராணி. கையில ஆப்பிளு. "அக்கா, சாமி சத்தியமா எனக்கும் அண்ணனுக்கும் ஒண்ணுமில்ல. அண்ணன் இப்பல்லாம் கண்ணாடியே பாக்குறதில்லக்கா. பாக்காமயே பூசிக்கிறாரு. போன வாரம் ஒரு புருவம் மேல, ஒரு புருவம் கீழ. முருகனப் பாத்து சனம் சிரிச்சிருச்சு. நீங்க வந்து கூப்பிடுங்கக்கா"ன்னு அழுவுறா. நல்லா நடிச்சா, ஸ்திரீபார்ட்டுல்ல? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதான் கண்ணாடிய பாக்க முடியல அவுகளுக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆப்பிள வாங்கிக்கிட்டேன். அது பாட்டுக்கு அழுகிப் போச்சு.

இந்த முதலாளியும் படத்தக் கழட்டல. இப்ப என்ன கூத்துன்னா, வர்றவுகல்லாம் அந்த அழிஞ்ச எடத்தத்தான் பாக்குறாக. ஒருத்தர் சொல்றாரு, நடிகனுக்குச் சொந்த மூஞ்சி கெடையாது, அதத்தான் ஓவியர் சூசகமாக் காட்டியிருக்காருன்னு. இன்னொரு அம்மா, அது மாயையாம். ஒரு பையன் அது பொகைங்கிறான். நான் இந்த நாற்காலியில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். மாயையாவது மண்ணாங்கட்டியாவது! என் வயித்தெரிச்சலு அது.

என்ன தாயி, என்னையவே உத்துப் பாக்குற? படத்தையும் பாக்குற, என் மூக்கையும் பாக்குற. வலது பக்கம்தான், எத்தனை தடவை சொல்றது. படத்துல இருந்தது இடது பக்கம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அதுல ஒண்ணும் சந்தேகம் வேணாம்.

எங்க கூப்பிடுற? கை கழுவுற எடத்துக்கா? எனக்குக் கை சுத்தமாத்தான் இருக்கு. சரி, இழுக்காத, வாறேன். முட்டி வலிக்குது. இங்க என்ன இருக்கு? கண்ணாடிதான் இருக்கு. உன்னையப் பாக்கணுமா? கண்ணாடியிலயா? பாத்தேன், லட்சணமாத்தான் இருக்க, அதுக்கென்ன இப்ப?

மச்சமா?

அட, உன் மச்சம் இடது கன்னத்துலல்ல இருந்துச்சு. கண்ணாடியில அந்தப் பக்கம் வந்துருச்சே. இங்க திரும்பு. இடது. கண்ணாடியப் பாரு. வலது. ஆமா, மாத்தித்தான் காட்டுது. நான் எங்க தாயி அடுத்தவ மூஞ்சியக் கண்ணாடியில பாத்தேன், என் மூஞ்சிய பாக்கவே நேரமில்ல. சரி, மாத்திக் காட்டட்டும். காட்டுனா என்ன? உனக்கு இடதுல இருக்கிறது அங்க வலதாத் தெரியுது. அப்ப அந்த இந்திராணி மூக்குத்தி படத்துக் கண்ணாடியில வலதாத்தானே தெரியணும்? வலதாத் தெரியலையே, இடதால்ல இருந்துச்சு. இடதா இருந்தா அது...

அது...

விடு, கையை விடு. அந்தப் படத்தக் கிட்டப் போயி பாக்கணும்.

வாசப்படியில வெளிச்சம். நடந்து வந்த வேர்வை. பக்கத்துல அந்த டம்ளரு. ஆத்தாடி! திரும்பக் கூடாதுன்னு கண்ணாடியத் தூக்குனாகளா? என்னையப் பாக்கவா தூக்குனாக? அந்தக் கண்ணு... அந்தக் கண்ணு என்னையவா பாத்துச்சு? நான் அவ கால் மேல கால் போட்டிருந்ததப் பாத்துக்கிட்டு நின்னேனே தாயி. ஒரு நிமிசம் அந்தக் கண்ணாடியப் பாத்திருந்தா அவுக கண்ணு தெரிஞ்சிருக்குமே.

"யாருன்னு தெரிஞ்சுதான் அழிச்சியா"ன்னு கேட்டாகளே. "தெரிஞ்சுதான்"னு சொன்னேனே! "அந்த மூஞ்சி உங்க கண்ணாடியில இருக்கக் கூடாது"ன்னு வேற சொன்னேன். அவுக என்ன நெனச்சிருப்பாக? இவளுக்கு நம்ம வேணாம்னு நெனச்சுத்தான் பெட்டியத் தூக்கிட்டாக. அதான் கண்ணாடியப் பாக்க மாட்டேங்கிறாக. என் விரல வேற தொடச்சு விட்டாக, பாவி மனுசன்!

அழல, நான் அழல. மணி என்ன? நாலரையா? இன்னைக்கு அவுகளுக்குத் திருக்கோகர்ணத்துல நாடகம். பொழுது சாஞ்சா வேசப் பெட்டியத் தொறந்துருவாக. நான் போகணும். கீழராஜ வீதியில பனங்கற்கண்டு வாங்கணும், வீட்டுக்குப் போயி பாலக் காச்சணும், டம்ளர் அடுக்குல எங்கயோ கெடக்கு.

தாயி, எனக்கு ஒரு உதவி செய்யி. உன் ரூமு ரெடியானாலும் கொஞ்ச நேரம் இந்த நாற்காலியில உக்காந்திரு. லூர்து மாஸ்டர் வருவாரு, ஒல்லியா, தோள்ல ஜோல்னாப் பை. பஞ்சவர்ணம் வரையச் சொல்லிட்டான்னு சொல்லு. மூக்குத்தி முன்ன இருந்த பக்கமே இருக்கட்டும்னு சொல்லு. வேர்வை கூட இருக்கட்டும். அந்தச் செருப்ப மட்டும் கொஞ்சம் தள்ளி வரைய முடியுமான்னு கேட்டுப் பாரு.

நான் போயி அவுக முதுகுக்குப் பின்னால, வாசப்படியில நிப்பேன். அந்த இந்திராணி எங்க வேணா உக்காந்துக்கட்டும், இன்னைக்கு அவ பக்கம் என் கண்ணு போகாது. போனாலும் உடனே எடுத்துருவேன். "ஏங்க, பாலு"ம்பேன். அரிதாரம் தொட்டிருப்பாக, திரும்ப மாட்டாக.

திரும்ப வேணாம் தாயி. அந்தக் கண்ணாடிய மட்டும் கையில எடுத்தாப் போதும்.